தெளிந்த தண்ணீரில் மீனுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது?

கொலன்னாவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "களனி கங்கையில விழுற வாய்க்கால்ல தண்ணி தெளிவாத்தானே இருக்கு, பிறகேன் மீன் செத்து மிதக்குது?" நல்ல கேள்வி. தண்ணீர் நல்லதா என்பதை யாருக்கு என்று கேட்காமல் சொல்லவே முடியாது.

பயிருக்கென்றால் உப்புத்தான் முதல் கவலை. கரைந்த உப்பு கூடினால் வேர் நீரை உறிஞ்சச் சிரமப்படும். அதிலும் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் சோடியம் மிஞ்சிவிட்டால் களித் துணிக்கைகள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் மேலேயே தேங்கும். வீட்டுக்கென்றால் கிருமி: குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு குடலில் வாழும் ஈ.கோலை பக்டீரியா ஒன்று கூட இருக்கக்கூடாது. களனி கங்கையில் அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிக்கும் நீரைத்தான் கொழும்பில் பெரும்பாலானோர் குடிக்கிறோம். மழை இல்லாமல் ஆறு மெலியும்போது கனம் கூடிய கடல்நீர் அடியால் ஊர்ந்து அந்தப் பக்கம் ஏறி வரும், மணல் அள்ளி ஆழமாக்கிய ஆற்றுப்படுக்கை அதற்கு இன்னும் வசதி.

சரி, மீன். அதற்கு வேண்டியது ஒட்சிசன். ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது, 25 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் காற்றிலிருந்து கரைத்துக்கொள்வதோ 8 மில்லிகிராம் சொச்சம். அது 5க்குக் கீழே போனால் பல மீன்கள் திணறத் தொடங்கும்.

இந்தச் சொற்ப வாயுவை அளக்க ஹங்கேரிய இரசாயனவியலாளர் லாயோஷ் விங்க்ளர் 1888இல் சொன்ன முறை இருக்கிறதே, எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. குமிழி இல்லாமல் போத்தலை நிரப்பி, ஆற்றங்கரையிலேயே மங்கனீசு சல்பேற்றும் காரம் கலந்த அயடைட்டும் விடுவார்கள். வெள்ளையாக ஒரு வீழ்படிவு வரும். ஒட்சிசன் இருந்தால் மங்கனீசு அதைப் பிடித்துக்கொண்டு கண்முன்னே கபிலமாக மாறும், இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே கிடக்கும். பிடிபட்ட ஒட்சிசன் இனித் தப்பாது, ஆறுதலாக ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே அமிலம் விட்டதும் கபிலம் கரைந்து, ஒரு ஒட்சிசன் மூலக்கூறுக்கு இரண்டு அயடீன் மூலக்கூறு என்ற கணக்கில் அயடீன் வெளிவரும். மாப்பொருள் சேர்த்தால் கடும் நீலம். அயடீனைத் தீர்க்கும் தயோசல்பேற்றைத் துளித்துளியாக விட விட ஒரு துளியில் நீலம் சட்டென்று மறையும், அதுவரை எத்தனை மில்லிலீற்றர் போனது என்பதிலிருந்து ஒட்சிசனின் அளவு வந்துவிடும்.

அதே தண்ணீரில் இன்னொரு போத்தலை மூடி, பாசி ஒளித்தொகுப்பு செய்யாதபடி இருட்டில், 20 பாகையில் 5 நாள் வைத்து மறுபடி அளப்பார்கள். குறைந்துபோன அளவுதான் பக்டீரியா செலவழித்த ஒட்சிசன். வாசகியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. உதாரணமாக, கழிவோடு வந்து கரைந்த சீனி கண்ணுக்குத் தெரியாது, அது நஞ்சும் இல்லை. ஆனால் பக்டீரியாவுக்கு அது விருந்து, தின்று பெருகும்போது மீனின் ஒட்சிசனையும் சேர்த்து முடித்துவிடும்.

ஓடும் தண்ணிக்குத் தோஷமில்லை என்பார்கள். பாதி உண்மை: சுழித்து ஓடும்போது காற்றிலிருந்து ஒட்சிசன் திரும்பக் கரையும். ஈயமோ உப்போ ஓடுவதால் காணாமல் போகாது. ஒருமுறை செய்கிற பெரிய ஆய்வுக்குக் கிடைக்கும் பணம் மாதாமாதம் அதே இடத்தில் அளந்து எல்லாரும் பார்க்க வெளியிடும் வேலைக்கும் கிடைக்க வேண்டும், இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். அப்புறம், அளக்கப் போகிறவர்கள் விடியமுன் போக வேண்டும். இரவெல்லாம் பாசியும் சுவாசித்து ஒட்சிசன் அடிமட்டத்துக்கு வந்திருக்கும் நேரம் அது, பாசி படர்ந்த வாய்க்காலில் நடுப்பகலில் எடுத்த மாதிரி எல்லாம் நலம் என்றே சொல்லும்.