தூண்டல் வேண்டாம், எடுத்துக்கொடுப்பு போதும்

சிறப்புக் கல்வி வகுப்புக்கான கையேடு ஒன்றில் மறுபடியும் அதே வரி: "குழந்தையைத் தூண்டிவிட்டு 5 நொடி காத்திருக்கவும்." ஆங்கிலத்தில் ப்ராம்ப்ட் (prompt) என்பதற்குத் 'தூண்டல்' என்று இன்னும் எத்தனை நாள் எழுதுவார்கள்?

இலத்தீனில் ப்ரோமெரே என்றால் வெளியே எடுப்பது. அதன் வழிவந்த சொல் இது. நாடகத்தில் வசனம் மறந்தவருக்கு மறைவில் நின்று அடுத்த சொல்லைத் தருபவர் ப்ராம்ப்டர். வகுப்பறையில் ப்ராம்ப்ட் என்பது, பிள்ளை சரியாகச் செய்வதற்காக ஆசிரியர் கூடுதலாகத் தரும் சிறு உதவி: கைபிடித்துச் செய்யவைப்பது, செய்துகாட்டுவது, சுட்டிக்காட்டுவது, முதல் எழுத்தை மட்டும் சொல்வது.

சரி, தூண்டலில் என்ன குறை? உளவியல் தமிழில் அந்தச் சொல் ஸ்டிமுலஸுக்கு, அதாவது ஒரு செயலை எழுப்பும் குறிப்புக்கு, போய்விட்டது. தூண்டல், அதற்கு எழும் எதிர்வினையான துலங்கல் என்று இணையாகவே வழங்குகிறது. "கை கழுவு" என்று ஆசிரியர் சொல்வது தூண்டல். பிள்ளை அப்படியே நின்றால் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயருகே கொண்டுபோவது ப்ராம்ப்ட். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், பதிவேட்டில் "தூண்டலுக்குத் துலங்கினான்" என்பதற்கு என்ன பொருள்? சொன்னதும் செய்தானா, கையைப் பிடித்த பிறகு செய்தானா? அந்த வேறுபாட்டைக் குறிக்கத்தானே பதிவேடே! இன்று மணிக்கட்டைப் பிடிப்பவர் பிறகு முழங்கையை லேசாகத் தொடுவார், அப்புறம் விரலை மட்டும் நீட்டுவார், கடைசியில் அதுவும் வேண்டியிருக்காது. விலக வேண்டியது உதவி; "கை கழுவு" என்ற சொல் இருந்தே ஆகவேண்டும். "தூண்டலைப் படிப்படியாக விலக்குக" என்று படிக்கும் புதிய ஆசிரியர் எதை விலக்குவார்?

தூண்டுகோல் திரியைத் தூண்டுகிறதே என்பார்கள். அது ஊக்கத்துக்குப் பொருந்தும். இந்தப் பிள்ளைக்கு ஆசை இருக்கிறது, அடுத்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. மேலும், தூண்டிவிடுவது என்றால் பேச்சில் சண்டைக்கு ஏவிவிடுவது. பெற்றோர் கைக்குப் போகும் தாளில் இதையா எழுதுவது?

எடுத்துக்கொடுப்பது என்ற வழக்கு நம்மிடம் இருக்கிறது. சேக்கிழாருக்கு இறைவன் 'உலகெலாம்' என்று அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்கிறோம். கிடைத்தது ஒரு சொல். காப்பியத்தைப் பாடியவர் அவர். ப்ராம்ப்டும் அப்படித்தான் இருக்கவேண்டும். வாய்ச்சொல்லுக்குப் பழகிய வழக்கு, கைபிடிப்பதற்கு ஒட்டாது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் 'கைவழி எடுத்துக்கொடுப்பு', 'சைகைவழி எடுத்துக்கொடுப்பு' என்று நாலு முறை சொன்னால் ஒட்டிவிடும்.

ஒரு தாளில் கைபிடித்துச் செய்யவைக்கும் 'பிசிக்கல் ப்ராம்ப்ட்' என்பதற்கு 'உடல்சார் உடனடி' என்றுகூட இருந்தது. ப்ராம்ப்ட் என்பதற்கு 'உடனடியான' என்றும் பொருள் உண்டு; அகராதியில் முதலில் கண்ட அந்தப் பொருளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் ஒரே ஒரு காலைப்பொழுது அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால், ஆசிரியர் பிள்ளையின் கையை எப்போது பிடிக்கிறார், எப்போது விடுகிறார் என்று பார்த்திருப்பார்.