பெங்களூரில் வீட்டுக் குப்பைக் கட்டணம்: எவ்வளவு, எப்படி இணையத்தில் கட்டுவது

பெங்களூரில் வீட்டுக்கு வீடு குப்பை எடுக்கும் சேவைக்கென 2025 ஏப்ரல் 1 முதல் தனிக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. இதற்கென்று மாதாமாதம் பில் எதுவும் வீட்டுக்கு வராது. ஆண்டுக்கு ஒரு முறை கட்டும் சொத்து வரியிலேயே ஒரு தனி இனமாக இது சேர்க்கப்பட்டிருக்கும். அதனால்தான் பலருக்கு, ‘குப்பைப் பில் எங்கே கட்டுவது’ என்று தேடியும் விடை கிடைப்பதில்லை. சொத்து வரித் தளத்தில் வரியைக் கட்டும்போதே குப்பைக் கட்டணமும் கட்டப்பட்டுவிடுகிறது.

இந்தக் கட்டணம் வந்தபோது அதற்கு அடிப்படை, மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள். கழிவை உண்டாக்குகிற ஒவ்வொருவரும் உள்ளாட்சி அமைப்பு தன் துணை விதிகளில் குறிக்கும் பயனர் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்று அவற்றின் 4-ஆவது விதியின் மூன்றாம் உட்பிரிவு சொன்னது. பெங்களூர் மாநகராட்சி 2020-ல் தன் துணை விதிகளை வெளியிட்டது. அந்த ஆண்டின் இறுதியில் மின் கட்டணத்தோடு சேர்த்து மாதம் 200 ரூபாய் வசூலிக்கும் யோசனை ஒன்று எழுந்து, எதிர்ப்புக்குப் பின் நின்றுபோனது. இப்போதைய முறையில் கட்டணம் கட்டடத்தின் பரப்பைப் பொறுத்து மாறுகிறது என்பதால், சின்ன வீட்டுக்காரருக்கு அன்றைய யோசனையைவிட இது எவ்வளவோ நியாயமானது என்பது என் கருத்து.

2025-26 நிதியாண்டில் குடியிருப்புக் கட்டடங்களுக்கான விகிதம் இதுதான். கட்டடப் பரப்பு 600 சதுர அடி வரை இருந்தால் மாதம் 10 ரூபாய். அதற்கு மேல் 1,000 சதுர அடி வரை 50 ரூபாய். 2,000 வரை 100 ரூபாய். 3,000 வரை 150 ரூபாய். 4,000 வரை 200 ரூபாய். அதையும் தாண்டினால் 400 ரூபாய். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மிகக் குறைந்த தொகை 120 ரூபாய், மிக அதிகத் தொகை 4,800 ரூபாய். கடை, அலுவலகம், விடுதி போன்றவற்றுக்குக் கணக்கு வேறு. காலி மனைக்கும் வேறு. வேறு நிதியாண்டுக்குக் கட்டுபவர்கள் அந்த ஆண்டுக்கெனத் திரையில் வரும் தொகையையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பரப்பு என்பது மனையின் பரப்பு அல்ல, கட்டடத்தின் பரப்பு. முப்பதுக்கு நாற்பது மனை, அதாவது 1,200 சதுர அடி நிலம் வைத்திருப்பவர், அதில் 900 சதுர அடிக்கு ஒரே தளமாக வீடு கட்டியிருந்தால் அவர் சேர்வது 50 ரூபாய்ப் பிரிவில்தான். பின்பக்கம் 120 சதுர அடியில் ஓர் அறையை இழுத்துக் கட்டி அதையும் வரிப் பதிவில் சேர்த்துவிட்டால், பரப்பு 1,020 ஆகி, ஆண்டுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய்க்குப் போகிறது. பிரிவுகளின் எல்லைக் கோட்டில் இருப்பவர்கள் வரிப் பதிவிலுள்ள பரப்பை ஒரு முறை நிதானமாகப் பார்ப்பது அவசியம். சொத்து வரி 2008 முதல் சுயமதிப்பீட்டு முறையில், உரிமையாளர் தானே தரும் விவரத்தின்படி கணக்கிடப்படுகிறது. பல வீடுகளில் யாரோ ஓர் இடைத்தரகர் என்றோ நிரப்பிய எண்ணே இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது உண்மையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். கூடுதலாக இருந்தால் கிரயப் பத்திரத்தையும் கட்டட வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு வருவாய் அலுவலகத்தில் திருத்தம் கேளுங்கள். ஐம்பது ரூபாயை மிச்சம் பிடிக்கப் பரப்பைக் குறைத்து எழுதாதீர்கள். குறைத்துக் காட்டியது பின்னால் தெரியவந்தால் வரி வித்தியாசத்தோடு அபராதமும் வட்டியும் சேர்ந்து நோட்டீஸ் வரும்.

இனிக் கட்டும் முறை. மாநகராட்சியின் சொத்து வரித் தளத்துக்குத்தான் போக வேண்டும். அதன் முகவரி ‘கர்நாடகா டாட் கவ் டாட் இன்’ என்று முடிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் ‘உங்கள் குப்பைக் கட்டணம் பாக்கி’ என்று வரும் இணைப்பைத் தொட்டுப் பணம் கட்டவே கூடாது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். 2025 செப்டம்பர் 2 அன்று பழைய மாநகராட்சி கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. ஆகையால் ரசீதிலும் தளத்திலும் புதிய பெயரைக் கண்டால் திகைக்க வேண்டாம்.

தளம் முதலில் கேட்பது சென்ற ஆண்டு ரசீதில் உள்ள பத்து இலக்க விண்ணப்ப எண், அல்லது சொத்தின் பி.ஐ.டி. எண், அதாவது சொத்து அடையாள எண். அதோடு உரிமையாளர் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளையும் கேட்கும். தமிழர்கள் பலர் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா சென்ற ஆண்டு ரசீதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, “எத்தனை தடவை போட்டாலும் தப்புன்னே வருதுப்பா” என்றபடி வந்தார். வீடு அவருடைய காலஞ்சென்ற கணவர் பெயரில் இருந்தது. அந்த அம்மா முதலில் தன் மகன் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைப் போட்டுப் பார்த்திருந்தார், பிறகு கணவர் பெயரின் மூன்று எழுத்துகளைப் போட்டார், இரண்டும் ஏற்கவில்லை. ரசீதை விரித்துப் பார்த்தால், பதிவில் கணவருடைய தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்க, அதற்குப் பின்னால்தான் கணவரின் பெயர் தொடங்கியது. அந்த முதலெழுத்தையும் சேர்த்து எண்ணிப் போட்டதும் பக்கம் திறந்தது. ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறது என்பது இதற்குப் பொருட்டில்லை. ரசீதில் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதே வரிசையில் எழுத்துகளை இட வேண்டும். ரசீதை நான்காக மடித்து வைத்திருப்பவர்கள் மடிப்பில் விழுந்த இலக்கத்தையும் கவனிக்க வேண்டும். அந்த அம்மாவின் ரசீதில் 3 ஒன்று 8 போலத் தெரிந்தது.

உள்ளே போனதும் சொத்தின் விவரம் வரும். கட்டடத்திலோ பயன்பாட்டிலோ மாற்றம் எதுவும் இல்லை என்றால் நான்காம் படிவம். கூடுதலாகக் கட்டியிருந்தாலோ, குடியிருந்த பகுதியைக் கடைக்கு விட்டிருந்தாலோ ஐந்தாம் படிவம். அடுத்த பக்கத்தில் வரித் தொகையும், அதன் கீழே மேல்வரிகளும் (செஸ்), அவற்றோடு குப்பைக் கட்டணமும் தனித்தனி இனங்களாகத் தெரியும். திடக்கழிவுக்கென ஒரு மேல்வரி சொத்து வரியோடு பல ஆண்டுகளாகவே இருந்துவருகிறது. புதிய பயனர் கட்டணம் அதிலிருந்து வேறுபட்டது. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டு, ‘இரண்டு முறை வந்திருக்கிறது, தளத்தில் பிழை’ என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பிழை அல்ல. ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு பெயரில் ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே, அதை வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கேட்கலாம். கட்டணத்தைக் கட்டாமல் விடுவது அதற்கு வழியல்ல.

யுபிஐ, அட்டை, நெட் பேங்கிங் எதிலும் கட்டலாம். பணம் கணக்கிலிருந்து போய்விட்டு ரசீது வரவில்லை என்றால் பதறி மறுபடியும் கட்டிவிடாதீர்கள். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் பத்திரப்படுத்திக்கொண்டு, பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்து, ஓரிரு நாள் கழித்து அதே தளத்தில் ரசீது அச்சிடும் பகுதியில் விண்ணப்ப எண்ணையும் நிதியாண்டையும் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ரசீது அங்கே வந்திருக்கும். அதைக் கைபேசியில் மட்டும் வைத்திராமல் ஒரு தாளிலும் அச்செடுத்து வையுங்கள், அடுத்த ஆண்டு முதல் கேள்வியே அந்த எண்தான். இணையம் கைவராதவர்கள் பெங்களூர் ஒன் என்ற அரசுச் சேவை மையத்தில் கட்டலாம். இறந்தவர் பெயரில் இருக்கும் வீட்டுக்கு மனைவியோ மக்களோ வரி கட்டுவதில் தடை இல்லை. ஆனால் வரி ரசீதால் காத்தாவில், அதாவது மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில், பெயர் மாறிவிடாது. அதற்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்துத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்று. இந்தக் கட்டணம் சொத்தின் மீது விதிக்கப்படுகிறது, எனவே மாநகராட்சிக்குக் கட்ட வேண்டியவர் வீட்டின் உரிமையாளர். வாடகை ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் அது உங்கள் இருவருக்கிடையே உள்ள ஏற்பாடு. உரிமையாளர் உங்களிடம் பங்கு கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். 2025-26-ல் 900 சதுர அடி வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்திருந்தால் 200 ரூபாய் கேட்கிறவரிடம் பேச முடியும். அதேபோல, குப்பை வண்டியில் வருகிறவர்களுக்கு வீட்டுக்கு வீடு மாதம் ஒரு தொகையைக் கையில் கொடுக்கும் பழக்கம் பல தெருக்களில் இருக்கிறது. மனமுவந்து கொடுப்பது உங்கள் விருப்பம். விடியற்காலையில் வந்து கையால் குப்பை பிரிக்கும் அந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு நாம் எவ்வளவு கொடுத்தாலும் தகும். ஆனால் அது கட்டணம் அல்ல. அதைக் கொடுக்காவிட்டால் குப்பை எடுக்க முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலைமைதான் சிக்கல். குப்பை அதிகம் உண்டாகும் பெரிய வளாகம் மொத்தக் கழிவு உருவாக்குபவராகக் கருதப்படுகிறது. தன் ஈரக் கழிவை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து அகற்ற வேண்டும். அந்தச் செலவு பராமரிப்புத் தொகையில் ஏற்கெனவே அடங்கியிருக்க, சொத்து வரியிலும் குப்பைக் கட்டணம் வந்தபோது அங்கே குடியிருப்பவர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. உங்கள் வளாகம் அப்படிப்பட்டதென்றால் தனி ஆளாக அலைவதைவிட, சங்கத்தின் வழியே உரமாக்கும் செலவுக்கான கணக்கையும் ஒப்பந்தத்தையும் இணைத்து மனு கொடுப்பதே பலன் தரும்.

கட்டணம் கட்டியவருக்கு உள்ள உரிமை, வாசலில் வந்து குப்பை எடுக்கப்படுவது. அதற்கு நம் பங்கு, ஈரக் கழிவைப் பச்சைத் தொட்டியிலும், காகிதம், பிளாஸ்டிக் போன்ற உலர் கழிவைத் தனியாகவும், நாப்கின், டயப்பர் முதலியவற்றைத் தாளில் சுற்றி மேலே சிவப்புக் குறியிட்டும் கொடுப்பது. கலந்து கொடுத்த குப்பை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு மண்டூர் மக்களைக் கேட்டால் தெரியும். நகரத்தின் குப்பை மலையாகக் குவிந்த அந்த ஊரில் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகே 2014-ன் முடிவில் கொட்டுவது நின்றது. பிரித்து வைத்தும் வண்டி வரவில்லை என்றால் மாநகராட்சியின் 1533 உதவி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தேதியையும் அந்த எண்ணையும் சொத்து வரி ரசீதின் பின்புறத்திலேயே எழுதி வைத்தால், வார்டு அலுவலகத்தில் போய் நிற்கும்போது இரண்டையும் ஒரே தாளில் காட்டலாம்.