ரிலீஸ் லெட்டர் வராத நான்கு மாதம்

சென்ற ஆண்டு ஒரு மத்தியானம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அம்மாவும் மகனும் புதுச்சேரி நீதிமன்றத்துக்கு வக்கீலான என்னைத் தேடி வந்தார்கள். வழக்கு என்று வருகிறவர்கள் கையில் ஒரு மஞ்சப்பையாவது இருக்கும். இவர்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை. ஆவணம் முழுவதும் பையனின் போனில் இருந்தது. 19 பக்கம், எல்லாம் ஆங்கிலம், கடைசிப் பக்கத்தில் விரலால் கிறுக்கிய கையெழுத்து.

"மேடம், இவன் கேம் ஆடுற கம்பெனி இருபத்தஞ்சு லட்சம் கட்டச் சொல்லி மெயில் போட்டிருக்காங்க. நாங்க வெல்டிங் பட்டறை வெச்சிருக்கோம். அவ்வளவுக்கு எங்க போறது?" என்றார் அந்த அம்மா. பையன் தலை நிமிரவே இல்லை.

அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பையன் பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவன். டீம் நடத்தும் நிறுவனத்தை ஆடுகிறவர்கள் 'ஆர்க்' என்பார்கள். அப்படி ஒரு ஆர்க் மாதம் 12,000 ரூபாய்க்கு அவனை எடுத்தது. அப்போது வயது 17. பூட்கேம்ப் என்னும் டீம் பயிற்சி முகாமுக்குப் போன முதல் ராத்திரியே ஒப்பந்தத்தின் லிங்க் வந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டான். மூன்று வருட ஒப்பந்தம். அது முடிந்தபின் ஆர்க் விரும்பினால் இன்னும் இரண்டு வருடம். பையன் விரும்புகிறானா என்ற கேள்விக்கே அதில் இடம் இல்லை. எட்டாவது மாதம் சம்பளம் நின்றது. ஆடவிடாமல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வேறொரு டீம் கூப்பிட்டது. போகிறேன் என்று சொன்னதும் அந்த 25 லட்சம் மெயில் வந்தது.

முதலில் அந்த அம்மாவின் பயத்தைப் போக்க வேண்டியிருந்தது. மெயிலில் கேட்ட 25 லட்சம் 'பை-அவுட்' தொகை. பை-அவுட் என்பது பொதுவாக வீரர் கட்டும் கடன் இல்லை. ஒப்பந்தம் முடியும் முன்பே ஒரு வீரரை எடுக்க விரும்பும் புது டீம், பழைய டீமுக்குக் கொடுக்கும் விலை அது. சில ஆர்க்குகள் அதையே வீரர் தலையில் கட்டி எழுதிவிடுகின்றன. அப்படி எழுதியிருந்தாலும் அந்தத் தொகை அப்படியே வசூலாகிவிடாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்பு மட்டும்தான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் நீதிமன்றம் கொடுக்கும். மாதம் 12,000 கொடுத்து, அதையும் இரண்டு மாதம் கொடுக்காத ஒருவர், 25 லட்சம் நஷ்டம் என்று நிரூபிப்பது எளிதல்ல.

அடுத்தது வயது. 18 நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. மோஹரி பீபி வழக்கில் 1903-லேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது இது. அப்பா கூடவே கையெழுத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று பல ஆர்க்குகள் நினைக்கின்றன, பெற்றோரும் நினைக்கிறார்கள். சேவை ஒப்பந்தத்தில் அப்படி ஆகாது. பம்பாய் உயர் நீதிமன்றம் 1949-ல் தீர்த்த ராஜ் ராணி வழக்கு அதற்கு உதாரணம். சினிமாவில் நடிக்க ஒரு சிறுமிக்காக அவளுடைய அப்பா போட்ட ஒப்பந்தம் அது. செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் அந்த வழக்கைப் போட்டதே சிறுமியின் தரப்புதான், தோற்றதும் அவர்கள்தான். இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர் இருக்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தம் பையனைக் கட்டாது, சரி. அதே ஒப்பந்தத்தைக் காட்டி பாக்கிச் சம்பளம் கேட்கப்போனால், 'செல்லாத ஒப்பந்தத்துக்கு எதற்குச் சம்பளம்' என்று எதிர்தரப்பு கேட்கும்.

இதில் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். 18-ஆவது பிறந்தநாள். பழைய ஒப்பந்தத்தை 18 முடிந்தபின் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லி உயிர்ப்பிக்க முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். விவரம் தெரிந்த ஆர்க் பிறந்தநாள் வாழ்த்தோடு ஒரு புது லிங்க்கையும் அனுப்பிவிடும். இந்தப் பையனுக்கும் வந்தது. சம்பளம் நின்றிருந்த கோபத்தில் அவன் அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நான் வேறு மாதிரிதான் வாதாட வேண்டியிருந்திருக்கும். பாண்டு பேப்பரில் இல்லையே, போனில்தானே போட்டேன் என்று பிறகு சொல்ல முடியாது. மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது.

ஆக, சட்டப்படி பையன் பக்கம் நல்ல பலம் இருந்தது. நோட்டீஸ் அனுப்பினேன். அப்புறம் நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

புது டீம் அவன் பெயரைப் பதிவு செய்யப் போனது. போட்டி நடத்துபவர்கள், "பழைய ஆர்க் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறது. ரிலீஸ் லெட்டர் அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். வீரரை விடுவித்துவிட்டோம் என்று பழைய டீம் எழுதித்தரும் கடிதம் அது. செல்லாத ஒப்பந்தத்துக்கு எதற்கு ரிலீஸ் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அவர்கள் மரியாதையாகவே பதில் சொன்னார்கள்: தகராறு தீராதவரை யாரையும் இறக்க முடியாது என்பது அவர்கள் விதி. ஆடுகிறவர்கள் பட்டியலை மூடும் 'ரோஸ்டர் லாக்' தேதி வந்தது, போனது. நான்கு மாதம் பையன் அப்பாவின் பட்டறையில் வெல்டிங் ராடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீரருக்கு இரண்டு பூட்டு இருக்கிறது. ஒன்று சட்டம், இன்னொன்று போட்டியின் விதிப்புத்தகம். முதல் பூட்டை நீதிமன்றத்தில் திறக்கலாம். இரண்டாவது பூட்டின் சாவி ஆர்க்கின் கையில் இருக்கிறது. நீதிமன்றம் மாதக்கணக்கில் யோசிக்கலாம், ரோஸ்டர் லாக் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. இந்த ஆட்டத்தில் ஒருவர் உச்சத்தில் இருப்பதே சில வருடங்கள்தான்.

டீம் மாறுவதற்கு விதிகள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சீசன் நடுவே யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு போனால் போட்டியே நடக்காது. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற கேமின் லீக்குகளில் ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தமும் எந்தத் தேதியில் முடிகிறது என்ற பட்டியலை, அந்தக் கேமை உருவாக்கிய ரையட் நிறுவனம் பொதுவில் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரிடம் அவருடைய டீமுக்குத் தெரியாமல் வேறு டீம் பேசக் கூடாது. முடியும் தேதி ஊருக்கே தெரிவதால், முடிந்தபின் யாரும் அவரைப் பிடித்து வைக்க முடியாது. கொரியாவில் 2019-ல் கனாவி என்ற பெயரில் ஆடிய, மைனர் வீரரை வற்புறுத்தி நீண்டகால ஒப்பந்தத்தில் சீன டீமுக்கு அனுப்பப் பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு வெடித்தது. மக்கள் கொதித்துப்போனார்கள். 2020-ல் அங்கே சட்டத்தையே திருத்தி, வீரர்களுக்கான மாதிரி ஒப்பந்தங்களை அரசு கொண்டுவந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு நாட்டின் உதாரணமும் பக்கத்தில் இருக்கிறது. இங்கே பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பங்கள் பல. பிரான்ஸ் 2016-லேயே, இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் வீடியோ கேம் போட்டிகளில் ஆடும் வீரர்களுக்கென்று தனி வேலை ஒப்பந்தம் கொண்டுவந்துவிட்டது. பொதுவாக ஒரு வருடத்துக்குக் குறையாமல், ஐந்து வருடத்துக்கு மிகாமல். அரசு அங்கீகாரம் பெற்ற கிளப்தான் அப்படி ஒப்பந்தம் போட முடியும். அண்ணன் மகன் பாரிசில் ஆடுகிறான், அவனுக்கு எல்லாம் எழுத்தில் இருக்கிறதே, இங்கே ஏன் இல்லை என்று முத்தியால்பேட்டையில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டில் 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸ் விளையாட்டுத் துறையின் கீழ் வந்தது. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. வீரரின் ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

அதனால் ஒப்பந்தத்தில் எழுதுவதுதான் பாதுகாப்பு. சம்பளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வெளியே போகும் வழியை. ஒப்பந்தக் காலத்தில் வேறு டீமுக்கு ஆடாதே என்பது பெரும்பாலும் செல்லும். முடிந்த பிறகும் ஆறு மாதம் ஆடாதே என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தபின்னும் எங்களிடம்தான் முதலில் வர வேண்டும் என்ற நிபந்தனையை 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தகராறு வந்தால் ஆர்க்கின் ஓனரே தீர்ப்புச் சொல்வார் என்ற வரியும் நிற்காது.

இன்னொன்று, ஆட்டமே மறைந்துபோனால் என்ன? இது கற்பனை இல்லை. பிஜிஎம்ஐக்கு முன்னோடியான பப்ஜி மொபைலுக்கு 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை. 2022 ஜூலை 28-ஆம் தேதி பிஜிஎம்ஐ ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. அந்தப் பத்து மாதம் சம்பளம் உண்டா, இல்லையென்றால் வீரர் வெளியேறலாமா? நான் பார்த்த ஒப்பந்தங்களில் முதல் பாதிக்குப் பதில் இருக்கிறது (கிடையாது), இரண்டாவது பாதி எழுதப்படவே இல்லை. வீரரின் யூடியூப் சேனல் யாருடைய மெயில் ஐடியில் திறக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். ஆர்க்கின் மெயிலில் திறந்த சேனல், பிரியும்போது ஆர்க்கோடு போய்விடும்.

நம் பையன் விஷயத்தில் கடைசியில் ஆர்க் இறங்கி வந்தது. இரண்டு மாதச் சம்பளப் பாக்கியை விட்டுக்கொடுத்தோம், அவர்கள் ரிலீஸ் லெட்டர் கொடுத்தார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. அந்த அம்மாதான், "விடுங்க மேடம், புள்ள ஆடட்டும்" என்றார். புது டீமின் ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்க்கக் கேட்டோம். சம்பளம் 45 நாள் தாமதமானால் வீரர் தானாக விடுபடுவார். ஆட்டம் 60 நாளுக்கு மேல் தடைபட்டாலும் அப்படியே. விடுபட்ட ஏழு நாளில் ரிலீஸ் லெட்டர் தர வேண்டும், தராவிட்டால் இந்த ஒப்பந்தத்தையே ரிலீஸ் லெட்டராகப் போட்டி நடத்துபவர் எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டுக்கும் அன்றே சரி என்றார்கள். மூன்றாவதற்கு ஏழு நாளைப் பத்து நாளாக்கக் கேட்டார்கள். ஒத்துக்கொண்டோம்.