சல்லடைத் தட்டில் திரவம் ஏன் நிற்கிறது?

யாழ்ப்பாணத்துத் திக்கம் என்றதும் வடமராட்சியார் பலருக்கு நினைவில் வருவது பனங்கள்ளை வடிக்கும் வடிசாலைதான். கொதிநிலை வேறுபாட்டைக் கொண்டு திரவங்களைப் பிரிக்கும் அதே வேலையைப் பென்னம்பெரிய அளவில் செய்பவை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையக் கோபுரங்கள்.

கோபுரத்தினுள்ளே ஏறத்தாழ அரை மீற்றர் இடைவெளியில் துளையிட்ட உலோகத் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். திரவம் தட்டின் குறுக்கே ஓடி, ஓரத்திலுள்ள தாழ்ந்த வரம்பைத் தாண்டி, பக்க வழியால் கீழ்த்தட்டுக்கு இறங்க, ஆவி துளைகளின் ஊடாக அதைக் குமிழியிட வைத்தபடி மேலேறும். துளைகள் இருந்தும் திரவம் பெருமளவில் ஒழுகாமல் நிற்பதற்குக் காரணம், மேலெழும் ஆவியின் உந்தலே. ஆவியின் வேகம் குறைந்தால் திரவம் துளைகளால் ஒழுகிவிடும்; மிஞ்சினால் ஆவி துளிகளை மேல்தட்டுக்கு அள்ளிச் செல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கீழ்த்தட்டில் அமுக்கம் எப்போதும் கூடுதலாகவே இருப்பதால், அதை எதிர்த்து இறங்குவதற்குப் பக்க வழியில் திரவம் போதிய உயரத்துக்குத் தேங்க வேண்டும். அந்த உயரம் எல்லை மீறினால் கோபுரமே திரவத்தால் நிரம்பிப் பிரிப்பு நின்றுபோகும்.

இவ்வெல்லைகளை அறியும் முதற்பரிசோதனைக்கு எரியும் திரவம் தேவையில்லை. ஒளி ஊடுருவும் கூட்டில் ஒரு தட்டைப் பொருத்தி, காற்றையும் தண்ணீரையும் செலுத்தினாலே போதும். முதலில் தண்ணீரின்றிக் காற்றை மட்டும் விட்டு, தட்டுக்கு மேலும் கீழும் உள்ள அமுக்க வேறுபாட்டை, அதை நீர்நிரலின் உயரமாகக் காட்டும் மனோமானியில் வாசிப்பார்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் வேறுபாடு ஏறத்தாழ நான்கு மடங்காக வேண்டும். அப்படி ஆகாவிட்டால் பொருத்திலோ அளவீட்டிலோ பிழை இருக்கிறது. பின்னர் தண்ணீர் விட்டதும் வாசிப்பு உயரும். அந்த மேலதிக உயர்வு, பெரும்பாலும் தட்டில் தங்கியுள்ள திரவத்தின் கனத்தைக் காட்டுவது. கீழே ஒழுகியதையும் மேலே அள்ளுண்டதையும் தனித்தனியே சேகரித்து, உட்செலுத்திய அளவோடு ஒப்பிடுவார்கள். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகையில் மனோமானி நீர்நிரல் துடித்துத் திடீரென எகிறும் இடமே மேல் எல்லை.

ஆனால் தண்ணீரின் பரப்பிழுவிசை, அதாவது திரவப் பரப்பைச் சுருங்க வைக்கும் இழுவை, மீற்றருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூற்றன்; மதுசாரத்துக்கோ 22 அளவுதான். நுரையும் துளிகளும் அதற்கேற்ப மாறுவதால், இறுதித் தீர்ப்பு உண்மையான திரவங்களுடனேயே பெறப்பட வேண்டும். அமெரிக்காவில் 1952 இல் தொடங்கப்பட்ட எஃப்.ஆர்.ஐ. (Fractionation Research, Inc.) என்னும் வடிப்பு ஆய்வு நிறுவனம் தொழிற்சாலை அளவிலான கோபுரங்களில் இதைச் செய்கிறது.

எந்தச் சோதனையானாலும், தட்டு மட்டமாக இருப்பதையே நான் முதலில் கவனிப்பேன். சற்றே சரிந்தாலும் தாழ்ந்த பக்கத்தில் திரவம் ஆழமாகி ஒழுகும். உயர்ந்த பக்கத்தால் ஆவி தப்பி ஓடும். மேசன்மார் சுவருக்கு வைக்கும் ரசமட்டத்தை இங்கேயும் வைத்துப் பார்த்த பின்பே பம்பியை இயக்க வேண்டும்.