‘பவரான ஊசி’ கேக்குறதுக்கு முன்னாடி கையக் கழுவுங்க

இந்த மாசம் இன்னொரு பேஷண்ட். அடுப்புல சேலை பத்திக்கிட்டு உடம்புல 35 சதவீதம் தீக்காயம். முதல் ரெண்டு நாளைத் தாண்டிட்டா பொழச்சிக்குவாங்கன்னு வெளிய எல்லாரும் நம்புறாங்க, அந்தம்மா தாண்டிட்டாங்க, சலைன் சரியா ஏறுச்சு, யூரின் நல்லா போச்சு, கஞ்சி குடிச்சிட்டு பேசிக்கிட்டும் இருந்தாங்க. ஒன்பதாம் நாள் கட்டைப் பிரிச்சா பச்சை பச்சையா கறை. அந்தக் கலரையும் அந்த ஒரு மாதிரி இனிப்பு வாடையையும் பாத்ததுமே பர்ன்ஸ் வார்டுல வேலை பாக்குறவங்களுக்கு வயித்தக் கலக்கும். சூடோமோனாஸ்ங்கிற கிருமி. லேப்ல கிருமியை வளத்துப் பாக்குற கல்ச்சர் டெஸ்ட்லயும் அதுதான் வந்துச்சு. ரத்தத்துல பரவிடுச்சு, காப்பாத்த முடியல.

தீக்காயத்துல செத்துட்டாங்கன்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. வார்டுல படுத்திருந்தப்போ ஒட்டிக்கிட்ட கிருமியால போனாங்கங்கிறது அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் எப்பவும் வர்ற கேள்வி. “மொத நாளே நல்ல பவரான ஊசியா போட்டிருந்தா இது வந்திருக்காதுல்ல டாக்டர்?” படிச்சவங்க, படிக்காதவங்க எல்லாருமே இதைக் கேக்குறாங்க. அதனால ஒரு தடவை விலாவாரியா சொல்லிடுறேன்.

கருகின தோல்ல ரத்த ஓட்டம் கிடையாது. நீங்க கையில ஏத்துற ஆன்டிபயாட்டிக் ரத்தத்துலதான் போகும், ரத்தம் போகாத எடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? தூர்ந்துபோன வாய்க்காலோட தலைமடையில உரத்தைக் கரைச்சு விட்டுட்டு கடைமடையில பயிர் பச்சையாகும்னு காத்திருக்கிற மாதிரிதான் அது. சரி போடுறதுல என்ன நஷ்டம்னு அடுத்து கேப்பீங்க. நஷ்டம் இருக்கு. உடம்புல ஏற்கெனவே இருக்குற சாதுவான கிருமிகளை அந்த மருந்து கொன்னுடும், மருந்துக்கு மசியாத கிருமிக்கு எடம் காலியாயிடும். அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா மாதிரி கிருமியெல்லாம் இப்படித்தான் வந்து உக்காருது. அப்புறம் உண்மையாவே இன்ஃபெக்ஷன் வர்றப்போ எங்க கையில கோலிஸ்டின் மாதிரி கிட்னியைப் பதம்பாக்குற பழைய மருந்துதான் மிஞ்சும். ஆன்டிபயாட்டிக்கே வேணாம்னு நான் சொல்லல. இன்ஃபெக்ஷன் இருக்குன்னு தெரிஞ்சா உடனே போடுவோம், முழுசா போடுவோம். “வராம இருக்கட்டும்னு” முதல் நாள்லேர்ந்து ஏத்துறது தீக்காயத்துக்கு சரிவராது, அவ்ளோதான்.

எது தடுக்கும்? செத்த தோலை சீக்கிரமா வெட்டி எடுத்துட்டு, நல்ல தோலை எடுத்து ஒட்டணும். 1970-லயே யுகோஸ்லாவியாவுல (இன்னைக்கு ஸ்லோவேனியா) ஜோரா யான்ஷெகோவிச்னு ஒரு சர்ஜன் அம்மா இதைச் செஞ்சு எழுதிட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் எங்க வேலையே அதை வச்சுத்தான் நடக்குது. ஆனா ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்டா “ஏற்கெனவே வெந்துபோயி கெடக்கு, இன்னும் வேற வெட்டணுமா, ஊர்லேர்ந்து பெரியவங்க வரட்டும்”னு நாலு நாள் இழுக்குறாங்க. அந்த நாலு நாள்ல கருகின தோல் கிருமிக்கு சாப்பாடா கெடக்கு. தயவுசெஞ்சு இழுக்காதீங்க.

அடுத்தது, பாக்க வர்றவங்க. ஒரு ஆள்தான் உள்ள வரலாம்னு செக்யூரிட்டி சொன்னா சண்டை. அவருக்குத் தெரியாம பின்பக்கமா நாலு பேர் வந்து பெட்டுல உக்காந்து, பேஷண்ட் கையைப் புடிச்சு அழுது, அதே கையோட பக்கத்து பெட்டுக்காரங்களுக்கும் ஆறுதல் சொல்லிட்டுப் போறாங்க. பாசம் புரியுது. ஆனா அசினெட்டோபாக்டர் பெட்டு கம்பியில, காஞ்ச எடத்துலகூட வாரக்கணக்குல உயிரோட இருக்கும், உங்க செல்போன்லயும் இருக்கும். சூடோமோனாஸுக்கு ஈரம் புடிக்கும், சிங்க்கு, வாளி, பூ வச்ச ஜாடித் தண்ணி எல்லாம் அதோட வீடு. அதனால பூ வேணாம். கோயில் விபூதியைக் கொண்டு வாங்க, தலமாட்டுல கவர் போட்டு வைங்க, புண்ணு மேலயோ கட்டு மேலயோ தூவாதீங்க, தீர்த்தமும் தெளிக்காதீங்க. சளி, இருமல், கையில கொப்பளம் இருந்தா வராதீங்க, வீடியோ கால்ல பேசுங்க.

எங்க ஆளுங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். கிளவுஸ் போட்டா கை சுத்தம்னு அர்த்தமில்ல. ஒரே கிளவுஸோட கட்டு பிரிச்சு, கேஸ் ஷீட்டைப் புரட்டி, டிரிப் செட்டைத் திருகி, அடுத்த பெட்டுக்குப் போறதைப் பாத்தா எனக்குக் கோவம் தலைக்கு ஏறுது. கையில தேய்க்கிற ஆல்கஹால் ஹேண்ட் ரப்னா 20-லேர்ந்து 30 செகண்ட், சோப்புன்னா 40-லேர்ந்து 60 செகண்ட், போஸ்டர் சிங்க்குக்கு மேலயே ஒட்டியிருக்கு. யூரின் டியூப்பும், பெரிய ரத்தக்குழாய்ல போடுற சென்ட்ரல் லைனும் கிருமி உள்ள போற வழி, அதனால அது இன்னும் தேவையான்னு தெனம் ரவுண்ட்ஸ்ல கேக்கணும். ஆள் பத்தலைங்கிறது நெசம், நைட்டு ஒரு சிஸ்டர் எத்தனை பெட்டு பாக்குறாங்கன்னு எனக்கும் தெரியும், அதுக்கு தனியா சண்டை போடணும், போடுறோம்.

சாப்பாடு. முட்டை, மீன் சாப்பிட்டா புண்ணு சீழ் வைக்கும்னு பத்தியம் போட்டு வெறும் ரசம் சாதம் கொடுக்காதீங்க. தோல் வளர புரோட்டீன் வேணும், கிருமியோட சண்டை போடவும் வேணும். நல்லா வெந்த முட்டை, பருப்பு, சிக்கன், பால். வாய் வழியா முடியலன்னா டியூப்லயாவது கொடுக்கணும், அதுக்கும் சம்மதிங்க.

காய்ச்சல் வந்தாத்தான் இன்ஃபெக்ஷன்னு நினைக்காதீங்க. தீக்காயத்துல காய்ச்சல் சும்மாவே இருக்கும். உடம்பு திடீர்னு சில்லுன்னு ஆகுறது, நேத்து வரைக்கும் பேசினவங்க சம்பந்தமில்லாம பேசுறது, மூச்சு வாங்குறது, சாப்பாடு செரிக்காம வயிறு உப்புறது, இதுல எது இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சிஸ்டரை எழுப்புங்க.

இன்னொண்ணு. கை கழுவாம யாராவது உங்க ஆளைத் தொட வந்தா, அது டாக்டரா இருந்தாலும், “கை கழுவிட்டீங்களா”ன்னு கேளுங்க. என்னையும் கேளுங்க.