பாட்டியின் கூறைப்புடவையில் கத்தரி வைக்காதீர்கள்

குடும்பத்துப் பழம்பொருள் ஒன்றைச் சுவரில் மாட்டும் துணி ஓவியமாகச் செய்துதரச் சொல்லி, பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள என் பட்டறைக்குப் பலர் வருகிறார்கள். குத்துவிளக்கு, காவடி, தாத்தாவின் வெற்றிலைச் செல்லம், ரப்பர் தோட்டத்தில் மரப்பால் எடுத்த மங்கு எனும் கிண்ணம். நல்ல ஆசை. ஆனால் கூடவே பையிலிருந்து பாட்டியின் கூறைப்புடவையும் வெளியே வரும். "அக்கா, இந்தப் பட்டையே வெட்டி வச்சுத் தைச்சிடுங்க."

அதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை.

பழைய காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் பெரும்பாலும் கோர்வை முறையில் நெய்யப்பட்டிருக்கும். கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா (நாடா என்பது குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக்கருவி). இரண்டின் ஊடைநூல்களும், அதாவது குறுக்கு நூல்களும், சேருமிடத்தில் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். கரையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கே வெட்டினால் அந்தப் பிடி விட்டு, இழை இழையாகப் பிரியத் தொடங்கும். அசல் சரிகையோ பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. வெட்டிய முனையில் அந்தச் சுற்று அவிழும். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்து நைந்த பட்டு, ஊசி ஏறினாலே கிழியும்.

நம் நெசவாளர்கள் என்ன செய்தார்கள்? ருத்ராட்சத்தையும் கோபுரத்தையும் மயில்கண்ணையும் பார்த்தார்கள், நூலில் கொண்டுவந்தார்கள். மலேசியாவின் கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் சரிகை சேர்த்து நெய்யும் சொங்கெட் துணியிலும் இதே வழிதான். மூங்கில் குருத்து கூர்முக்கோணமாகிறது, வாஜிக் பலகாரத்தின் சாய்சதுரத் துண்டு கட்டமாகிறது, மங்குஸ்தீன் பழத்தின் காம்படி இதழ்கள் பூவாகின்றன. 2021-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட கலை அது. தேரில் தொங்கும் தொம்பை என்ற துணி அலங்காரமும் நிறத்துணிகளை உருவாக வெட்டி, அடித்துணிமேல் வைத்துத் தைப்பதுதான். யாருடைய கல்யாணப் புடவையும் அதற்குத் தேவைப்படவில்லை.

ஆகவே புடவையின் கரையைத் தாளில் வரைந்தெடுக்கிறேன், அளவெடுக்கிறேன், நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பொருத்திப் பார்த்துப் புதுத்துணி வாங்குகிறேன். இதற்குப் பொருளைக் கூர்ந்து பார்க்கும் பொறுமை வேண்டும். ரப்பர் பால்மரத்தை வரைந்து வருகிறவர்கள் பலர் வெட்டுக்கோட்டைத் திசைமாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அது இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். பட்டைக்குள் இருக்கும் பால்குழல்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழல்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். பால்வெட்டிய கைக்கு இது தெரியும். என் தையலும் அந்தச் சாய்விலேயே ஓட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அந்தக் கோட்டில் ஒரு தலைமுறையின் விடியற்காலை உழைப்பு இருக்கிறது.

வெட்டாமல் வீட்டுக்குத் திரும்பும் புடவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பினாங்குக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பூஞ்சைக்கு அவ்வளவு கூடத் தேவையில்லை. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். கஞ்சி போடாமல் துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை சரிகையில் படக்கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்புக்கோடு விலகும்படி மாற்றி மடியுங்கள். கம்பி ஹேங்கர் வேண்டாம், சரிகையின் பாரமே பட்டைக் கிழித்துவிடும்.

கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டலாமா என்று கேட்கிறார்கள். பழந்துணிக்கு அருங்காட்சியகங்கள் அனுமதிக்கும் ஒளி சுமார் 50 லக்ஸ்தான். ஜன்னல் வெயில் அதைப்போலப் பல மடங்கு. புதுத்துணியில் செய்த ஓவியத்தை மாட்டுங்கள், புடவை அலமாரியில் இருக்கட்டும்.

ஏற்கெனவே கிழிந்துபோன புடவையையும் வெட்டத் தேவையில்லை. மெல்லிய அடித்துணி கொடுத்துக் கிழிசலைத் தாங்கவைக்கலாம். தானாகவே கழன்று விழுந்த துண்டு இருந்தால், அதை ஓவியத்தின் பின்பக்கம் ஒரு சிறு வலைப்பையில் வைத்துத் தருகிறேன். என்னிடம் வந்தாலும் வேறு யாரிடம் போனாலும், முதலில் புடவையை முழுதாக விரித்துப் படம் எடுத்துவிடுங்கள். யாருடைய கல்யாணத்துக்கு எடுத்தது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று பென்சிலால் ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வையுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்.