கேக் மேல் இருக்கும் பூவை அப்படியே சாப்பிடலாமா?

நாகர்கோவிலில் கல்யாண கேக் செய்து கொடுப்பது என் தொழில். வேஃபர் பேப்பர் (தின்னக்கூடிய மெல்லிய மாவுத் தாள்) பூ கேட்டு வருகிறவர்கள், "இதை அப்படியே தின்னலாம்தானே?" என்பார்கள். நான் சட்டென்று தலையாட்டுவதில்லை.

தாளைத் தின்னலாம். உருளைக்கிழங்கு மாவுச்சத்து, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். ஆனால் பூ என்றால் தாள் மட்டுமா? உள்ளே கம்பி இருக்கும், நடுவில் சாயம் தோய்த்த நூல் மகரந்தம் இருக்கும், மேலே மினுக்குப் பொடி இருக்கும்.

எனக்குப் பயமே அந்தப் பொடிதான். டப்பாவில் 'நான்-டாக்சிக்' (நஞ்சில்லாதது) என்று போட்டிருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கைவினைப் பொருள் பொடியிலும் அதையேதான் அச்சடித்திருக்கிறார்கள். 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. கேக்கில் பூசிய பொடியில் ஏராளமாகச் செம்பு இருந்திருக்கிறது. அடுத்த வருடம் மிசௌரியில் சிக்கிய மஞ்சள் பொடியில் 25 சதவீதம் ஈயம்! எனவே டப்பாவில் சேர்மானப் பட்டியலும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் இல்லையென்றால், எவ்வளவு அழகாக மின்னினாலும் வாங்காதீர்கள்.

கம்பி இல்லாமலும் பூ செய்யலாம். சின்ன வட்டத் தாளில், ஈரம் தொட்ட பிரஷ்ஷால் இதழ்களை ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். தண்ணீர் கூடினால் தாள் கரைந்துவிடும். ஓரத்தை ஓரிரு நொடி ஆவியில் காட்டினால் வளைந்து கொடுக்கும். கம்பி வேண்டியே தீரும் என்றால், ஸ்ட்ராவுக்குள் செருகிக் கேக்கில் இறக்குங்கள்.

நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அந்த ஈரக்காற்றில் இதழ் துவண்டுவிடும். விப்பிங் கிரீம் மேல் நேராக வைத்தால் இன்னும் மோசம். பூவின் அடியில் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டைத் தடவி ஆறவிட்டு வைக்கலாம். ஃபிரிட்ஜில் வேண்டாம். நான் பூவை மண்டபத்தில் வைத்துத்தான் செருகுகிறேன்.

"தோவாளைப் பூவே வைத்தால் என்ன?" என்றும் கேட்கிறார்கள். தோவாளைப் பூச்சந்தையில் குவிந்து கிடக்கும் அரளி இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. செங்காந்தளும் நஞ்சுதான். மற்ற பூக்களில் என்ன மருந்து அடித்தார்கள் என்று யார் கண்டார்கள்?

கம்பிப் பூ வைத்த கேக் என்றால் எத்தனை பூ என்று எண்ணி எழுதி, கேக் வெட்டுமுன் எடுத்துவிடும்படி பொறுப்பான அக்கா ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.